நாளை என்னும் படை: மேசைப்போரும் திருவண்ணாமலைப் போரும்

படையைப் பிரித்துப் பேசும் சொற்கள் தமிழில் மிகப் பழையவை. முன்செல்வது தார், தூசி என்றும் அதனைச் சொல்வர். பின்வருவது கூழை. முன்னணியில் பாய்ந்தவனைப் பாடியதோடு தமிழ் மரபு நின்றுவிடவில்லை. உடைந்த படையின் கூழையைத் தனியொருவனாகத் தாங்கி நின்றவனின் பெருமையையும் தொல்காப்பியம் தும்பைத் திணையில் ஒரு துறையாக வைத்தது. பின்னே நிற்பது அச்சத்தின் அடையாளம் அன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் எனலாம்.

வடமொழியில் கௌடில்யர் இதனை இன்னும் கறாராக வகுக்கிறார். அரசன் களத்திலிருந்து இருநூறு வில் தொலைவு விலகி இருப்புப் படையோடு நிற்க வேண்டும். சிதறியவர்கள் திரும்பி வந்து ஒன்றுகூட ஓர் இடம் வேண்டும். இருப்புப் படை இல்லாதவன் போரிடவே கூடாது என்பது அர்த்தசாஸ்திரத்தின் விதி. அதன் நோக்கில் இருப்புப் படை என்பது உடைந்தவர்கள் வந்து சேர்வதற்கான நிலை.

இந்த விதியை மேசைமேல் வைத்துப் பார்க்கும் ஆட்டங்களும் உண்டு. சதுரங்கத்தில் நெடுநேரம் மூலையில் அசையாது நிற்கும் யானை ஒருவகை இருப்புப் படைதான். ஆயினும் அது எங்கே நிற்கிறது என்பதை எதிராளி அறிவான். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைத்தலைவர்களின் பயிற்சிக்காக முறைப்படுத்திய போர் விளையாட்டில் இந்நிலை மாறியது. நிலப்படத்தின்மீது படைகளுக்குப் பதிலாகச் சிறு கட்டைகள் நகர்ந்தன. இடையே ஒரு நடுவர் இருந்தார். எதிரியின் கண்ணுக்கு எட்டாத படை படத்திலும் வைக்கப்படாது. தாக்குதலின் விளைவைப் பகடை தீர்மானித்தது. இன்றைய மேசைப்போர் ஆட்டங்களுக்கு அதுவே மூதாதை.

இவ்வாட்டங்களில் எதை ஒதுக்கி வைப்பது என்பது எளிய கேள்வி. எப்போது அனுப்புவது என்பதுதான் கடினமானது. முதல் இடி விழுந்தவுடன் அனுப்பினால் அது இருப்புப் படையாகவே இராது. முன்னணியின் நீட்சியாகக் கரைந்துபோகும். முன்னணி அழிந்தபின் அனுப்பினாலோ, தாங்கவேண்டியதும் இல்லை, துரத்தவேண்டியதும் இல்லை. எதிரி தன் கையிலிருந்த கடைசிப் படையைக் களமிறக்கிய பிறகும் நம் கையில் ஒன்று எஞ்சியிருக்குமானால் ஆட்டம் நம் பக்கம் சாய்கிறது. 1761 ஜனவரி 14இல் பானிபட்டில் அகமது ஷா அப்தாலி செய்தது இதையே. அவருடைய நடுப்படை மராட்டியரின் தாக்குதலில் நிலைகுலைந்தது. அப்போதும் அவர் கலங்கவில்லை. ஓடியவர்களைத் திருப்பிக் கொண்டுவரச் செய்து, நண்பகலுக்குப் பின்னரே இருப்புப் படையை ஏவினார். முழுவலிமையையும் முன்னரே செலவிட்டுவிட்ட சதாசிவராவ் பாவுவிடம் அதற்கு விடையாக அனுப்ப ஏதும் எஞ்சவில்லை.

ஆறாண்டுகள் கழித்து இதே கேள்வி நம் ஊருக்கும் வந்தது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலில் இருந்துகொண்டு இதனை எழுதும் நமக்கு அப்போர் அடுத்த தெருச் செய்தி. 1767 ஆகஸ்டில் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கணவாய்களைக் கடந்து இறங்கினர். செப்டம்பர் 3இல், மலைபடுகடாம் செங்கண்மா என்று சொல்லும் செங்கத்தருகே, கும்பினியின் கர்னல் ஜோசப் ஸ்மித் அவர்களை எதிர்த்து நின்றார். களம் அவருடையதாயினும் உணவுப்பொருள் இல்லை, திருவண்ணாமலைக்கு ஒதுங்கினார். திருச்சிராப்பள்ளியிலிருந்து வுட் தலைமையில் வந்த படையும் அவரோடு சேர்ந்தது. அப்போதும் கும்பினிப் படை பத்தாயிரத்தைச் சற்றே மீறியது. எதிரே நின்றதோ எழுபதாயிரம் அளவினது என்பர்.

செப்டம்பர் 26ஆம் நாள் மோதலில் அப்பெருந்தொகை தோற்றது. கூட்டணியின் குதிரைப்படை களத்தைச் சுற்றித் திரண்டு நின்றும் முடிவை மாற்றத்தக்க பாய்ச்சல் எதையும் நிகழ்த்தவில்லை. இரு தலைவர்களிடையே நம்பிக்கை தேய்ந்திருந்தது. சும்மா நின்ற படையும் இருப்புப் படையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இருப்புப் படைக்குப் பின்னே ஒரு மனம் இருக்க வேண்டும். எந்த நொடிக்காகக் காத்திருக்கிறோம் என்பதை அம்மனம் அறிந்திருக்கவும் வேண்டும்.

மேசை ஆட்டத்தில் கதை இங்கே முடிந்துவிடும். வெற்றிப் புள்ளிகளை எண்ணிவிட்டுக் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிடலாம். மேசைக்கும் களத்துக்கும் உள்ள பெரும் வேற்றுமை இதுவே என்பது நம் கருத்து. ஆட்டத்திற்குக் கடைசிச் சுற்று என ஒன்று உண்டு. அது தெரிந்திருப்பதால், அச்சுற்றில் எல்லாவற்றையும் வீசி எறிவது ஆடுபவனுக்கு அறிவுடைமை. களத்தில் நிற்பவனுக்கோ எது கடைசிச் சுற்று என்று தெரியாது. அவன் ஒதுக்கி வைப்பது இன்றைய மாலைக்கு மட்டுமன்று, நாளைக்கும் சேர்த்துத்தான்.

ஐதர் அந்த நாளைக் காத்துக்கொண்டார். தோல்விக்குப் பின்னும் அவர் படை சிதறிவிடவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் வாணியம்பாடியைக் கைப்பற்றி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. 1768இல் நிஜாம் கும்பினியோடு உடன்படிக்கை செய்து விலகிக்கொண்டார். ஐதரோ 1769இல் தன் பெரும்படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏறத்தாழ ஆறாயிரம் குதிரை வீரரோடு மூன்றரை நாளில் நூற்றுமுப்பது மைல் கடந்து சென்னையின் வாயிலில் வந்து நின்றார். ஏப்ரலில் கும்பினி உடன்படிக்கைக்கு இணங்கியது. திருவண்ணாமலையில் பயன்படாமற்போன குதிரைவலிமை, உரிய நேரம் அறிந்து ஏவப்பட்டபோது செய்த செயல் அது.

இவ்வாறு சொல்வதால் காத்திருப்பு எப்போதும் சரி என்றாகிவிடாது. 1812 செப்டம்பர் 7இல் போரோதினோவில் தளபதிகள் வேண்டியும் நெப்போலியன் தன் மெய்க்காவற்படையை அனுப்பவில்லை. அது அவருடைய எச்சரிக்கை என்பாரும் உளர், வெற்றியை நழுவவிட்ட தயக்கம் என்பாரும் உளர். 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் அதே படையை மாலையில் ஏவியபோது காலம் கடந்திருந்தது.

மேசைமேல் இருக்கும் கட்டை முன்னணியில் விழும்போது ஓலமிடுவதில்லை. களத்தில் இருப்புப் படையைப் பிடித்து நிறுத்துபவன், முன்னே விழுபவர்களின் ஓலத்தைக் கேட்டுக்கொண்டே நிறுத்துகிறான். அவன் கணக்குச் சரியாயின் பலர் பிழைப்பர். தவறாயின், அனுப்பாத உதவிக்காக அவன் என்றும் விடை சொல்ல வேண்டியிருக்கும். கூழையைத் தாங்கியவனுக்கு நம் இலக்கணம் ஒரு துறையே அளித்தது. கையை உயர்த்தி, இன்னும் பொறு என்று சொன்னவனுக்கு எந்தப் புலவனும் துறை வகுத்ததாகத் தெரியவில்லை.