கேம்பர்

டயர் கடையில் ‘கேம்பர் போயிடுச்சு’ என்றால் அது பழுதின் பெயராகவே காதில் விழுகிறது. திடலில் கூம்புகளைச் சுற்றி நொடிக்கணக்கில் போட்டியிடும் ஆட்டோகிராஸ் ஓட்டிகளோ அதைக் கேட்டு வாங்கி வைக்கிறார்கள். கேம்பர் ஒரு கோணம், கோளாறு அல்ல. வேர், ‘காமுர்’ என்ற லத்தீன் சொல். உள்நோக்கி வளைந்தது என்று பொருள். ரோமானியக் கவிஞர் வர்ஜில் இதை மாட்டுக் கொம்புக்குச் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கப்பல் தளத்தின் மேடானது, மழைநீர் வழிய நடுவில் உயர்த்திய சாலையின் முதுகானது. காருக்கு வந்ததும் வளைவு போய்ச் சாய்வு மட்டும் மிஞ்சியது: சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். திருப்பத்தில் வண்டி சரியும்போது வெளிப்பக்க டயர் தன் ஓரத்தில் ஏறி நிற்கும். முன்கூட்டியே 2, 3 டிகிரி உள்ளே சாய்த்திருந்தால் அந்நேரம் தரையில் பரவி உட்காரும். டயரின் தோளில் சாக்பீஸால் கோடிழுத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. ஆனால் வேகமாக நுழைந்து ஸ்டீயரிங்கை அளவுக்கு மீறி ஒடித்தாலும் அதே ஓரம்தான் தேயும். கோணத்தைத் தொடுமுன் கையைத் திருத்த வேண்டும். கேம்பரைத் தமிழில் ‘வளைவு’ என்றால் வேருக்குப் பொருந்தும், சக்கரத்துக்குப் பொருந்தாது. எனக்குச் ‘சாய்மானம்’ பிடித்திருக்கிறது. உட்சாய்மானம், வெளிச்சாய்மானம் என்று பிரித்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் குழப்பமும் தீரும். சாலைக்கு மட்டும் வளைவே இருக்கட்டும்.