மோரும் வெள்ளியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரி காலத்து ஆறே. ஆதலின் அங்கு குடிநீர் என்றால் பெரும்பாலும் கிணற்றுநீர்தான். அக்கிணறுகளோ வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணக்கற் பாறையில் தோண்டப்பட்டவை. நிலத்தின்மேல் விழும் அசுத்தம் நீரை அடைய நெடுநாட் செல்லாது.

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளரைக் குணப்படுத்தியும் மாணவருக்கு வைத்தியம் கற்பித்தும் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் காலத்தில், வாந்திபேதி குடாநாட்டைப் பலமுறை வாட்டியது. அதற்கு நுண்ணுயிரே காரணம் என்பதை வைத்திய உலகம் அன்று ஒப்புக்கொண்டிருக்கவில்லை. றொபேட் கொக் கல்கத்தாவில் அக்கிருமியைப் பிரித்தெடுத்த 1884ஆம் ஆண்டிலேதான் கிறீனும் அமெரிக்காவிற் காலமானார். அவர் முயற்சியால் இரசாயன நூலொன்று ‘கெமிஸ்தம்’ என்னும் பெயருடன் 1875இல் தமிழில் வெளிவந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

வெள்ளி நைத்திரேற்றை அக்காலத்து வைத்தியர் புண்ணைச் சுடும் காரமாகக் கையாண்டனர். காரணம் அறியாமலே கண்ட பயன் அது. கிறேடே என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1880ஐ ஒட்டி, பிறந்த குழந்தைகளின் கண்களில் அதன் கரைசலை ஒரு துளி விட்டு, எத்தனையோ சிசுக்களைக் குருடாகாமற் காத்தார். உலோகம் மிகச் சிறிதளவே நீரிற் கலந்தாலும் நுண்ணுயிர் மடியும் என்னும் நேகெலியின் ஆராய்ச்சி 1893இல் வெளியாயிற்று.

நுண்ணுயிர்க்கு நஞ்சாகிய இவ்வெள்ளியை நுண்ணுயிரே மணிமணியாக உருட்டித் தரும் என்று அவர்கள் எண்ணியும் இரார். வெள்ளிச் சுரங்கமொன்றில் வாழ்ந்த பற்றீரியா தன் உடலினுள் 200 நானோமீற்றர் வரையான வெள்ளிப் பளிங்குகளைச் சேர்த்துவைப்பதை, 1999இல் சுவீடன் தேசத்து உப்சாலா ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நானோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. நீரிற் கரைந்துள்ள வெள்ளி அயன் இலத்திரனைப் பெற்று மீண்டும் உலோகமாகிறது. நஞ்சைத் தாங்கிப் பிழைக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று போலும்.

சுரங்கத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பினோஜ் நாயர், பிரதீப் ஆகிய இருவரும் மோரில் வாழும் இலற்றோபசிலசு பற்றீரியாவுக்கு வெள்ளி, பொன் அயன்களை ஊட்டினர். அவ்வுலோகங்களின் நுண்பளிங்குகள் அதனுள் வளர்ந்தன. அவர்கள் கட்டுரை வெளிவந்த ஆண்டு 2002. தமிழர் வீட்டு மோர்ச்சட்டி ஆய்வுகூடமேறியது வியப்பன்றோ!

பிரதீப்பின் குழுவினர் 2013இல் வெளியிட்ட நீர்வடி முறையிலும் வெள்ளி நானோத் துணிக்கைகளே கிருமியைக் கொல்கின்றன. ஆயினும் அவை பற்றீரியா ஆக்கியவை அல்ல. அவற்றைத் தாங்கி நிற்கும் பொருள்களுள் ஒன்றான கைற்றோசன், இறால் ஓட்டிலிருந்து பெறப்படுவது. உலக சுகாதார நிறுவனம் பொறுக்கலாமெனக் கூறும் அளவு இலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி. இம்முறையில் நீரிற் கலப்பது அதனினும் குறைவு.

குடாநாட்டுக் கிணறுகளுக்கோ இன்னொரு குறையும் உண்டு. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றை மிகுவித்துள்ளன. கிருமியைக் கொல்லும் வெள்ளி இதனைத் தீண்டாது. காய்ச்சினாலும் நீங்காது, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும்.