ஒரு வளவு, பல அடுப்பு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நிற்கும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெருவீடுகளைக் கூட்டுக்குடும்பத்தின் நினைவுச்சின்னங்களாகவே பலரும் எழுதி வந்திருக்கின்றனர். ஒரே முகப்பு, ஒரே தலைவாசல், உள்ளே மூன்று தலைமுறை என்ற அளவில் அந்தச் சித்திரம் பிழையன்று. அத்தனை பேருக்கும் ஒரே உலையில் சோறு வெந்தது என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் பிழை. மணமான ஒவ்வொரு மகனும் அவன் மனைவியும், திருமணம் முடிந்த சிறிது காலத்துக்குள், அதே கூரையின் கீழ்த் தனி அடுப்பு மூட்டித் தனியே சமைத்து உண்ணும்படி பெற்றோரே ஏற்பாடு செய்தனர். நகரத்தார் வழக்கில் இதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர்.

தமிழ்நாட்டின் பிற சமூகங்களில் தனிக்குடித்தனம் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரு கசப்பு ஒட்டியிருந்தது. பூசல் முற்றிய பிறகு மகன் தாயை விட்டுப் பிரிந்து போவதையே அது குறித்தது. பழியும் பெரும்பாலும் புதிதாக வந்த மருமகளின் தலையிலேயே விழுந்தது. வேறு வைத்தலில் பிரிவு முன்னே வந்தது, பூசலுக்குக் காத்திருக்கவில்லை. மாமனாரும் மாமியாருமே நல்ல நாள் பார்த்து, பண்டபாத்திரம் கொடுத்து இளையவர்களை வேறாக வைத்தமையால், பிரிந்தவர்கள் பிரிந்ததற்காக எவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இல்லறத்தின் தொடக்க ஆண்டுகளில் குடும்பம் தரும் நெருக்கடியைப் புத்திமதியால் தணிக்க முயன்ற சமூகங்கள் பல; சுவராலும் கணக்காலும் தணிக்க முயன்றது என்பதே நகரத்தார் வழக்கத்தின் தனித்தன்மை.

இந்து சட்டத்தின் மிதாட்சரப் பிரிவைக் கையாண்ட ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள், கூட்டுக்குடும்பம் என்பது உணவு, வழிபாடு, சொத்து ஆகிய மூன்றிலும் ஒன்றுபட்டிருப்பது என்று பொதுவாகக் கொண்டன; ஆயினும் தனியே உண்பது ஒன்றை மட்டும் வைத்துப் பாகப்பிரிவினை நடந்துவிட்டதாக முடிவு செய்ய இயலாது என்றும் அவை கருதின. நகரத்தார் வீடு அந்த இடைவெளியிலேயே குடியிருந்தது எனலாம். சொத்து தந்தை இருக்கும் வரை பொது. வழிபாடும் பொது: முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் செய்யும் ‘படைப்பு’ என்னும் சடங்கிலும், கல்யாணத்திலும், துக்கத்திலும் எல்லா அடுப்பும் ஒன்றாகி வீடு முழுவதும் ஒரே பந்தியில் அமர்ந்தது. உணவு மட்டுமே வேறு. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும், ஒரே வீட்டில் வாழும் மணமான மகன்கள் தனித்தனியே சமைத்துண்ணும் இவ்வழக்கம் பதிவாகியிருக்கிறது.

இதற்கு அடிப்படையாக அமைந்தது ‘புள்ளி’ என்னும் கருத்து. நகரத்தார் சமூகம் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது நகரக் கோவில்களைச் சார்ந்து பிரிந்திருப்பது; ஒருவன் மணம் செய்துகொள்ளும்போது அவனுடைய கோவிலிலிருந்து மாலை வர, அவனும் மனைவியும் சேர்ந்து அக்கோவிலின் கணக்கில் ஒரு புள்ளியாகப் பதிவாகின்றனர். மணமாகாதவனுக்குப் புள்ளி இல்லை. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோவிலுக்குரிய வரி புள்ளிக் கணக்கில் விதிக்கப்பட்டதேயன்றி வீட்டுக் கணக்கில் அன்று. எனவே ஊரின் பார்வையிலும் கோவிலின் பார்வையிலும் புதுமணத் தம்பதியர் தாய்தந்தையரின் நிழலில் ஒதுங்கிய பிள்ளைகளாக இல்லாமல், கணக்கு வைத்துக்கொள்ளத் தக்க ஓர் அலகாக முதல் நாளிலேயே ஆகிவிட்டனர். இருவீட்டாரும் இசைந்து எழுதிக்கொள்ளும் திருமண ஒப்பந்தமும், அதாவது இசைபிடிமானம் என்றும் இசைகுடிமானம் என்றும் வழங்கும் ஆவணமும், இதே மனப்போக்கின் விளைவாகும். உறவு என்பது நினைவில் மட்டும் நிற்கக்கூடாது, எழுத்திலும் நிற்க வேண்டும் என்பது வணிகர்களின் பழக்கம்.

வீட்டின் அமைப்பு இந்த எண்ணத்தைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் காட்டுகிறது. முகப்பையும் திண்ணையையும் கடந்து உள்ளே சென்றால் திறந்த முற்றத்தைச் சுற்றிய பகுதி வரும். இதற்கு ‘வளவு’ என்று பெயர். வளவின் இரு பக்கங்களிலும் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள் அமைந்திருக்கும். ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் ஒரு பங்கு உண்டு. உள்ளறையும் வெளியறையுமாக இரட்டையாக அமைந்த அறையானால், உள்ளறையில் மனைவியின் சீர்ப்பொருள்களும் பெட்டகமும், வெளியறையில் தம்பதியரின் புழக்கமும் இருக்கும். அந்த அறை படுத்துறங்குவதற்கென்று ஏற்பட்டதைவிடப் பூட்டிவைப்பதற்கென்று ஏற்பட்டது என்பதே பொருந்தும். பகலில் வெளிச்சம் குறைந்த, காற்றும் அளவாகவே புகும் அந்தச் சிறிய இடத்தின் மதிப்பு அதன் சாவி ஒரு பெண்ணின் இடுப்பில் தொங்கியதில்தான் இருந்தது. பதினான்கு பதினைந்து வயதில், சில வீடுகளில் அதற்கும் முன்பே, வாழவந்த ஒரு பெண்ணுக்கு, மாமியாரும் கேட்டுவிட்டே திறக்க வேண்டிய ஒரு கதவு கிடைத்தது என்பது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று. பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டமே 1929-இல்தான் இயற்றப்பட்டது.

வளவுக்குப் பின்னே இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் வரும். அடுப்புகள் இருந்த பகுதி இதுவே. வேறு வைக்கப்பட்ட ஒவ்வொரு மருமகளுக்கும் தாழ்வாரத்தில் ஓர் இடம், ஓர் அடுப்பு. அம்மியும் உரலும் கிணறும் பொதுவாக இருக்கலாம், உலை பொதுவாக இருக்கலாகாது. கொடுக்கும் பொருளும் அளந்தே கொடுக்கப்பட்டது. நெல், பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் முதலியவை ஆண்டுக்கு இவ்வளவு என்று புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டு வழங்கப்பட்டன. அதற்கு மேல் வேண்டுமானால் மகன் தன் சம்பாத்தியத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், மிச்சம் பிடித்தால் அது மருமகளின் சாமர்த்தியம். மூத்த மருமகளுக்கு ஒரு மரக்கால் கூடுதலாகப் போயிற்று என்ற மனத்தாங்கலுக்கு இடமில்லாதபடி அளவு எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. எந்த மருமகள் எத்தனை கரண்டி நெய் விட்டாள் என்பது மாமியார் கேட்க வேண்டிய கேள்வியாகவும் இல்லாமற் போயிற்று. இல்லற வாழ்வின் முதல் ஆண்டுகளில் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி பெரிய கொள்கைகளைப் பற்றியது அன்று, உப்பு புளியைப் பற்றியது என்பதை இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பாத்திரங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருமணத்தின்போது பெண் வீட்டார் சீராகக் கொடுக்கும் பித்தளை, வெண்கலம், செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களைப் பரப்பி வைத்து உறவினர் பார்க்கச் செய்வது வழக்கம். அவற்றின் விளிம்பில் ‘விலாசம்’ வெட்டப்பட்டிருக்கும். பிற இடங்களில் முகவரியைக் குறிக்கும் இச்சொல், நகரத்தாரிடையே குடும்பத்தையும் தொழில் நிறுவனத்தையும் அடையாளப்படுத்தும் தலைப்பெழுத்துத் தொடரைக் குறிக்கும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி பிறந்த நாட்டில், உடைந்த குடம் எவருடையது என்பதை அதன் கழுத்திலேயே எழுதி வைத்திருந்தனர் என்பது சற்றே சிரிப்பூட்டும் செய்தி.

இவ்வளவு நுணுக்கமான பிரிவு ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு விடை வீட்டுக்குள் இல்லை, கடலுக்கு அப்பால் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தாரின் வட்டித்தொழில் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று விரிந்தபோது, இளைஞர்கள் ‘கொண்டுவிக்க’, அதாவது வெளிநாட்டில் தொழில் பார்க்க, கப்பலேறினர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, மேலாளாகும் வரை ஒருவன் பல முறை போய்வர வேண்டும். ஒரு முறைக்குரிய கணக்கு பொதுவாக மூன்று ஆண்டு. மனைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை. மணமான சில மாதங்களில் கணவன் இரங்கூனுக்குப் போய்விட, மீதமிருப்பது ஒரு மாமியாரும், அவருக்குப் பழக்கமில்லாத ஓர் இளம்பெண்ணும், இருவருக்கும் நடுவே நின்று சமாதானம் சொல்ல வேண்டியவன் இல்லாத ஒரு வீடுமே. முறைப்பெண் மணத்தால் மாமியார் அத்தையாகவே வாய்த்த வீடுகளில் இந்த நெருக்கடி ஓரளவு தணிந்திருக்கலாம். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. கணவனின் இடத்தைச் சுவரும் அளவும் கணக்கும் நிரப்பின. அவன் அனுப்பும் பணம் பெற்றோரின் கைக்குப் போனதா, மனைவியின் கைக்குப் போனதா என்ற கேள்விக்கும் தனி அடுப்பு ஒரு விடையாக அமைந்தது. ஏனெனில் தனி அடுப்பு என்றால் தனிச் சிட்டை, தனிச் சிட்டை என்றால் தனிப் பற்றுவரவு.

கடலுக்கு அப்பால் இருந்த கிட்டங்கியோடு ஒப்பிட்டால் வீட்டின் தர்க்கம் இன்னும் தெளிவாகும். கிட்டங்கி என்பது பல நிறுவனங்கள் ஒரே நீண்ட கூடத்தில் இடம்பிடித்துத் தொழில் நடத்திய கட்டடம். இரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு ஆகியவை கிட்டங்கிகளுக்குப் பெயர்பெற்றவை. அங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டியடி, ஒரு பேரேடு, ஒரு பூட்டு. பக்கத்துப் பெட்டியடிக்காரர் பங்காளியாகவே இருந்தாலும் கணக்கு வேறு. வளவின் தாழ்வாரமும் இவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தது. எது எதைப் பார்த்து உருவாயிற்று என்று தீர்மானிப்பதைவிட, ஒரே கை இரண்டையும் வரைந்தது என்று கொள்வதே பொருத்தம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அதுவும் சுவையானது: கிட்டங்கியில் ஆண்கள் சமையற்காரர் ஆக்கிப்போட்ட பொதுச் சோற்றை உண்டனர், அவர்களுடைய மனைவியரோ சொந்த வீட்டில் தனித்தனி உலை வைத்தனர்.

இந்த வழக்கத்தைப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையாகக் காட்டுவது மிகை. தனி அடுப்பை நிறைக்கும் பாத்திரமும் பண்டமும் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்களின் பெட்டகத்திலிருந்தே வந்தன. வேவு எனப்படும் உணவுப்பொருள் சீர் தொடங்கி, நாளுக்கும் பண்டிகைக்கும் பிறப்புக்கும் உரிய முறைகள் வரை, தாய்வீட்டின் கடமை பல ஆண்டுகள் நீண்டது. குறைந்தால் பேச்சு வந்தது, தனி அடுப்பு அந்தப் பேச்சைத் தடுக்கவில்லை. கணவன் மூன்றாண்டு வெளியூரில் இருக்க, பிள்ளைப்பேறு தள்ளிப்போனாலும் பேச்சு மனைவியையே சுற்றியது. பிள்ளை இல்லாத புள்ளிகள் அதே கோவிலைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து மகனைத் தத்தெடுத்தன. மஞ்சள்நீர் குடித்து நிறைவேறும் இச்சடங்கு நகரத்தாரிடையே வெளிப்படையாகவும் அடிக்கடியும் நடந்ததால், குழந்தையின்மை ஒருத்தியின் வாழ்வையே முடித்துவிடும் குறையாக நிற்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதுவரை அவள் கேட்ட சொற்கள் எந்தச் சிட்டையிலும் பதிவாகவில்லை. வேறு வைத்தலின் மறுபக்கம் முதுமையிலும் தெரிந்தது: துணையை இழந்த தாயும் மகன்களின் அடுப்புக்கு நடுவே தனக்கென்று ஓர் உலை வைத்துத் தானே பொங்கி உண்டாள். அதைத் தன்மானம் என்பதா, தனிமை என்பதா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

உறுதியான ஆதாயம் ஒன்று இருந்தது என்றால் அது பணத்தில் இருந்தது. பெண்ணுக்கெனக் கொடுக்கப்பட்ட சீதனத் தொகை, ‘ஆச்சிமார் பணம்’ என்ற பெயரில் நிறுவனங்களில் வட்டிக்குப் போடப்பட்டு அவள் கணக்கில் வளர்ந்தது. உறவுமுறையில் ஆச்சி என்பது அக்காளைக் குறித்தாலும், பொதுவில் மணமான நகரத்தார் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லும் அதுவே. இரங்கூனில் நெல் வயல்களுக்குக் கடனாகப் போன பணத்தில் செட்டிநாட்டு உள்ளறைகளில் சாவி வைத்திருந்த பெண்களின் தொகையும் கலந்திருந்தது.

1930-களின் பொருளாதார மந்தம் இந்த ஏற்பாட்டின் அடியைக் கலைத்தது. நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. விரும்பாமல் கைக்கு வந்த நிலம் அது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று. ஊர் திரும்பிய ஆண்கள், பூட்டிவைப்பதற்கென்று ஏற்பட்ட அறைகளில் ஆண்டு முழுவதும் குடியிருக்க நேர்ந்தது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெயர்ந்தபோது, மனைவியரும் உடன் சென்றனர். அடுப்பு கூரையை விட்டே வேறாயிற்று.

பெருவீடுகளில் அறைகள் மட்டும் பங்குகளாகவே நின்றன. தலைமுறைதோறும் மகன்களுக்குள் பிரிந்து பிரிந்து, ஒரு வளவுக்குப் பல உரிமையாளர்கள் ஆனார்கள். ஒவ்வொரு கதவிலும் வேறு வேறு பூட்டு தொங்க, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சாவிகள் ஊர் ஊராக வந்து சேர்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், அடுக்கி வைத்த வெண்கலப் பானைகளின் கழுத்தில் விலாசம் இன்னும் தேயாமல் இருக்கிறது.