சோதனை நாளும் பத்து மணிச் சட்டமும்



ஆண்டிறுதிச் சோதனை நெருங்க நெருங்க, ஆரம்பப் பாடசாலைகளில் ஒருவகைப் பரபரப்புத் தோன்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிறுவரின் கண் புத்தகத்தில் இருக்கும். கருத்து வேறெங்கோ இருக்கும். ஆசிரியரோ, முடியாத பாடங்களை எண்ணி மனம் கலங்குவார். இந்நாட்களில் இருவர் கவனத்தையும் ஒருமுகப்படுத்துவது எப்படி என்ற கேள்வி இன்று எழுந்ததன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பொகவந்தலாவைத் தேயிலைப் பள்ளத்தாக்கிலிருந்து நோக்குவோம்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் என்னும் சிறிய ஆங்கிலத் தேவாலயம் ஒன்று உளது. அதன் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஹே கமரன் என்பவர், புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய தம் மனைவி ஜூலியா மார்கரெட்டுடன் துயில்கின்றார். 1830ஆம் ஆண்டில் ஆணையாளராக இலங்கைக்கு வந்து நீதிமுறையைச் சீர்திருத்த வழி கூறியவர் இவர். பின்னர் வங்காளத்தில் கல்விச் சபைக்குத் தலைவராக விளங்கினார். இந்திய மக்களுக்குக் கல்வியளிப்பது பிரித்தானியாவின் கடமை என்று 1853இல் நூலும் எழுதினார். அத்தகையவர் 1880இல் மறைந்தபோது, அவர் அடக்கமான மண்ணைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இருந்த கல்வி எத்துணை? கங்காணிமார் ஆதரவில் லயத்து மூலையில் நடந்த லயப்பள்ளிகளும், 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற சபைகள் நடத்திய சில பள்ளிகளுமே.

அக்காலத்தில் பள்ளிகளை ஆட்டிப்படைத்த ஒரு கொள்கை உண்டு. 'தேர்ச்சிக்கேற்ற கூலி' என அதனைக் கூறலாம். இங்கிலாந்தில் றொபர்ட் லோ என்பார் 1862இல் கொணர்ந்த விதி அது. வருகைக்கென ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். தவறும் பாடம் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைவு. வித்தியாதரிசி வரும் ஒரு நாளில் பள்ளியின் வருமானம் முடிவாகிவிடும். 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கும் இம்முறை வந்து சேர்ந்தது.

இதனால் ஆசிரியரின் கவனம் கூர்மையடைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எதன்மேல் கூர்மையடைந்தது? பிள்ளையின்மேல் அன்று; சோதனை நாளின்மேல். ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தை உருப்போட்ட சிறுவர், ஏட்டைப் பாராமலே ஒப்புவித்தனர். எழுத்தைச் சுட்டிக் கேட்டால் திகைத்தனர். இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது என்று, தாமே பள்ளிப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னால்ட் இடித்துரைத்தார். 1890களில் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது.

மலைநாட்டுச் சிறுவனுக்கோ இன்னொரு தடையும் இருந்தது. அது அவனது பகற்பொழுது. விடியுமுன் தப்பு முழங்கும். தாயும் தந்தையும் பிரட்டுக்களத்துக்கு விரைவர். மூத்த பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது தானும் மலையேறி அரைப்பேர் வாங்க வேண்டும். கொழுந்து மிகுந்த காலத்தில் வகுப்பறை வெறிச்சோடும். வந்திருக்கும் பிள்ளைக்கோ உறக்கமும் பசியும். அத்தகைய பிள்ளையின் முன்னே பிரம்பை நீட்டினாலும் பரிசை நீட்டினாலும் கவனம் எங்கிருந்து வரும்?

இவ்வுண்மையைச் சட்டம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்யும் பொறுப்பைத் துரைமார்மேல் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமோ ஒருபடி மேலே சென்றது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டும். தகுந்த கட்டடமும் ஆசிரியரும் வேண்டும். காலை பத்து மணிக்கு முன் அப்பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதித்தது.

பத்து மணிக்கு முன் கூடாதென்றால், பத்து மணிக்குப் பின் கூடும் என்பதே பொருளாயிற்று. அந்த அளவில் அது குறையுள்ள சட்டமே. எனினும், நாளின் ஒரு பகுதி பிள்ளைக்கே உரியது என்று தோட்டத்தில் முதன்முறையாக எல்லைக்கோடு இட்டது அதுதான். வித்தியாதரிசியின் சோதனை தராத ஒன்றை, தெளிந்த மனத்தோடு அமரும் ஒரு காலைப்பொழுதை, அக்கோடு தந்தது. கவனத்தின் வித்து அங்கே இருக்கிறது.

ஆசிரியரின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். பல தோட்டப் பள்ளிகளில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இத்தகைய நெருக்கடிக்குச் சட்டாம்பிள்ளை முறை துணைநின்றது. மூத்த மாணவன் இளையவனுக்கு மணலில் எழுத்தெழுதிக் காட்டுவான், கற்பிப்பவனும் கற்பான். அதனைச் சென்னையில் கண்ட அன்றூ பெல் பாதிரியார், எழும்பூர் அநாதைப் பள்ளியில் கையாண்டு, 1797இல் நூலாக்கி இங்கிலாந்துக்கு உணர்த்தினார். அச்சத்தால் கட்டமுடியாத கவனத்தைப் பொறுப்பால் கட்டலாம் என்பதே அதன் சாரம்.

1945இல் இலவசக் கல்வி மலர்ந்தபோதும், 1960ஐ அடுத்து உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோதும், தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் புறத்தே நின்றன. 1977 முதலே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஏனைய பிள்ளைகள் நடந்த பாதையில் இப்பிள்ளைகள் கால்வைக்க ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தனர்.

இன்று ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நாட்டின் ஒவ்வோர் இல்லத்தையும் ஆட்கொள்கிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னரே மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்துவிடுகிறது. இதனை நான் பத்து மணிச் சட்டத்தின் வழித்தோன்றல் என்பேன். அன்று மலையின் வேலையிலிருந்து பிள்ளையின் காலையைச் சட்டம் காத்தது. இன்று நம் ஆவலிலிருந்தே அதனைக் காக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, சோதனைக்கு முந்திய வாரத்தில் புதுப் பாடம் ஒன்றைத் திணிப்பதைவிட, பிள்ளை நேரத்தோடு உறங்கி, வயிறார உண்டு வருகிறதா என்று பாருங்கள். இளையவனுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்க மூத்தவனைப் பணியுங்கள். பிள்ளையின் காலைப்பொழுதைப் பிள்ளைக்கே விட்டுவையுங்கள். பொகவந்தலாவையின் முன்னோர் தம் மக்களுக்கு அளிக்க விரும்பியும் அளிக்க இயலாது போன செல்வம் அதுவே. நம்மால் அதனை அளிக்க இயலும்.