விரல் விரித்த கை

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டினால் தாமல். அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கிற ஊர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தீர்களா?

குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுப்பவன், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சின்னப் பையன். அவன் தரும் ஓலையை, கணக்கு பார்க்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைக்க வழியே கிடையாது. அவர் படித்ததும், கூடியிருக்கும் நம்பிமார்களும் அதை வாங்கிப் படிக்க வேண்டும். மத்தியஸ்தர் மீது சந்தேகமா? இல்லை. ஆளை நம்பினாலும் முறையை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரத்து எண்பது வருஷம் கழித்து என்ன ஆச்சு? 2000, மே 4. 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு இமெயில். அனுப்பியவர் பெயரோ தெரிந்த பெயர்! கூடவே காதல் கடிதம் மாதிரி ஒரு ஃபைல். திறந்தால் வைரஸ். முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதுவே தன்னை அனுப்பிக்கொண்டது. பென்டகனும் பிரிட்டிஷ் பாராளுமன்றமும் இமெயிலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. செய்தவர் மணிலாவில் ஒரு மாணவர். அவரைத் தண்டிக்க அந்த நாட்டில் அப்போது சட்டமே இல்லை!

நம்மூரில்? 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மாட்டியது, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர். உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் பிழைத்தோம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். பேங்க், இமெயில் எல்லாவற்றுக்கும் குழந்தையின் பிறந்த தேதிதானே பாஸ்வேர்டு? ஒன்று திருட்டுப்போனால் எல்லாப் பூட்டும் திறக்கும். 'பேங்க்கிலிருந்து பேசறேன் சார்' என்றதும் ஓ.டி.பி.யை ஒப்பிக்காதீர்கள். போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள நம்பருக்கு நீங்களே பேசுங்கள். நண்பர் பெயரில் வந்த ஃபைலா? திறக்கும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ? ஊர் பார்க்க விரலை விரித்தாரே, அந்த மத்தியஸ்தர் கோபித்துக்கொண்டதாகக் கல்வெட்டில் இல்லை!