லயத்துக் கோழியும் அடைப்புக் கோழியும்

பேராக் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் ரப்பர் விலையை எழுதினார்கள், துரைமாரை எழுதினார்கள். லயத்துக் கோழியை எழுதியவர் மிகக் குறைவு. ஆனால் தாய்மார்களின் கைச்செலவுக்கும், பிள்ளை பெற்றவளின் உடல் தேற்றவும், முனியாண்டி கோயில் பூசைக்கும் உதவியது அந்தக் கோழிதான்.

செந்நிறக் காட்டுக்கோழி இந்நாட்டுக் காடுகளிலேயே வாழ்வது. நெல்லும் தினையும் விளைந்த இடங்களை நாடி வந்த காட்டுக்கோழியே வீட்டுக்கோழியாயிற்று என்று, தாய்லாந்தில் கிடைத்த சுமார் 3,500 ஆண்டுப் பழமையான எலும்புகளைக் கொண்டு 2022இல் ஆய்வாளர்கள் கூறினார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீமைக்கோழிகளும் பின்னாளில் அதனோடு கலந்தன.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. சட்டம் சொன்னதெல்லாம் லயத்திற்கு வந்து சேர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். எனினும் கோழிக்கு வேலி ஏது? பால் வெட்டப் போகுமுன் கூட்டைத் திறந்துவிட்டால், கறையானும் புழுவும் புல்விதையும் கொத்தித் தின்று, பொழுது சாய்ந்ததும் தானே திரும்பிவிடும். 1948இல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. பல தோட்டங்களில் லயங்கள் கம்பி வேலிக்குள் கொண்டுவரப்பட்டன; கோழி மேயும் இடமும் அதனோடு சுருங்கிற்று.

அலைந்து மேயும் கோழி, தின்றதில் ஒரு பகுதியை நடப்பதிலேயே செலவழித்துவிடுகிறது. ஆகவே ஒரு கிலோவைத் தாண்ட நான்கைந்து மாதமாகும். அடைப்பில் தீவனம் தின்னும் பிராய்லர் கோழியோ ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும். இதில் இனத்தின் பங்கே பெரிது. ஆயினும் நாட்டுக் கோழியையே அடைத்து நல்ல தீவனம் போட்டாலும் எடை விரைவாக ஏறும், வயிற்றுக் கொழுப்பும் கூடும். ஓடித் திரிந்த கோழிக்கோ கொழுப்புக் குறைவு, தொடைக்கறி கருஞ்சிவப்பு, தசை இறுக்கம். பச்சைப்புல் தின்பதால் தோலும் மஞ்சளாகும். ருசி முழுவதும் மேய்ச்சலால் வருவதென்று நம்மவர் சொல்வது பாதி உண்மைதான். வயதும் அதற்குக் காரணம். மாதங்கள் செல்லச் செல்லத் தசைநார் முதிர்கிறது. அதனால்தான் நாட்டுக் கோழிக் குழம்பு நெடுநேரம் கொதிக்க வேண்டியிருக்கிறது.

திறந்துவிட்ட கோழிக்குப் பெரும் பகை வெள்ளைக் கழிச்சல் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்ட அந்நோய் வந்தால், ஒரு வாரத்தில் லயமே கோழியற்றுப் போகும். 1948இல் ஈப்போவில் அமைந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து தயாரித்தது. ஆனால் மரத்தில் உறங்கும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது யார்? இதற்காகவே 1980களில் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், வெப்பத்தைத் தாங்கும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும், பல குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்குப் போயின. மாடி வீட்டில் கோழிக்கு இடமேது? கொல்லை வாய்த்தவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. முதல் ஐந்தாறு வாரம் குஞ்சுகளை வெதுவெதுப்பான கூட்டில் வைத்து நல்ல தீவனம் கொடுங்கள். பருந்துக்கும் கீரிக்கும் மழைக்கும் பலியாவது அந்த வயதில்தான். பிறகு பகலில் மேயவிட்டு, இரவில் தரையைவிட்டு உயர்த்திய கூட்டில் அடைக்கலாம்.

இன்று ஈப்போ சந்தையில் கம்பத்துக் கோழி என்று விற்பதெல்லாம் மேய்ந்து வளர்ந்தவை அல்ல. உரித்த கோழியை வாங்கும்போது மார்பெலும்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இளங்கோழி. விறைத்து நின்றால் முற்றிய கோழி, அதற்கேற்ப விறகைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.