ஒரு மிடறும் பல குரல்களும்

மேடையிலே ஒருவர் தனியராய் நின்று பாடுகின்றார். அவர் முன்னே இருப்பது அரேஞ்சர் கீபோட் எனப்படும் இசைப்பலகை. இடக்கையால் அவர் மூன்று கட்டைகளை அழுத்தியதும், டிரம்மும் கிற்றாரும் பேஸும் அப்பலகையிலிருந்து ஒருங்கே எழுந்து அவருக்குப் பக்கவாத்தியமாகின்றன. அம்மட்டோ? அவர் வாய்திறந்து பாடும்போது வேறு மூன்று குரல்களும் இசைந்து பாடுகின்றன. அவையும் அவருடைய குரலே. ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைக்கப்பட்டிருக்கும் வோக்கல் புரொசெஸர் என்னும் சிறு பெட்டியின் வேலை அது.

இப்பெட்டியை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் விலையையே வினவுகின்றனர். அல்லது எத்தனை வகை வித்தைகளை அது காட்டும் என்று எண்ணிப் பார்க்கின்றனர். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. எந்தச் சுரங்களைப் பாடவேண்டும் என்று அப்பெட்டிக்கு ஆணையிடுவது யார்? இக்கேள்வியின் வேரைக் காண நாம் ஏறத்தாழ நூறாண்டுகள் பின்னே செல்லுதல் வேண்டும். அவ்வேர் இசையரங்கில் இல்லை, தொலைபேசியில் இருக்கின்றது.

1928ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே ஹோமர் டட்லி என்னும் பொறியியலாளர் ஒரு சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்திலாந்திக் கடலடியிற் கிடந்த தந்திக்கம்பிகள் மனிதக் குரலைச் சுமக்கும் ஆற்றல் அற்றவை. (கடலடித் தொலைபேசிக் கம்பி அங்கே இடப்பட்டது 1956இலேதான்.) குரலின் அதிர்வுகள் மிக விரைவானவை, ஆனால், அவற்றுக்கு உருவளிக்கும் நாவும் இதழும் மெதுவாகவே அசைகின்றன. அந்த அசைவின் விவரத்தை மட்டும் அனுப்பினால், மறுகரையில் ஓர் இயந்திரம் அதைக் கொண்டு பேச்சை மீண்டும் ஆக்கிவிடாதா? இதுவே டட்லியின் எண்ணம்.

உந்தியிலிருந்து எழும் வளி, நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கின்றது என்று தொல்காப்பியம் பிறப்பியலிற் கூறும். டட்லி தொல்காப்பியம் கற்றவரல்லர். ஆயினும் எழும் ஒலி வேறு, அதனை உருப்படுத்தும் உறுப்புக்கள் வேறு என்னும் அப்பகுப்பையே அவர் மின்சாரத்தாற் செய்து காட்டினார். குரலைப் பத்து அலைப்பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் அளந்து, அவ்வளவுகளோடு சுருதியின் உயரத்தையும் சேர்த்து அனுப்பும் அக்கருவி வோகோடர் எனப் பெயர் பெற்றது.

இப்பகுப்பினால் விளைந்த புதுமை யாதெனின், ஒலியை ஒருவர் தரலாம், உருவை வேறொருவர் தரலாம் என்பதே. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே டட்லியின் மற்றொரு கருவியான வோடர் மக்கள் முன் பேசிற்று. அதனைப் பேசவைத்தோர் தொலைபேசி நிலையங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள். பத்து விரல்களும் பத்துக் கட்டைகளில், மணிக்கட்டு ஒரு சட்டத்தில், கால் சுருதியை ஏற்றியிறக்கும் மிதியில் என அவர்கள் ஏறக்குறைய ஓராண்டு பயின்றனர். நாக்கு செய்யும் வேலையை விரல்கள் செய்தன. கட்டைப்பலகை ஒன்றிலிருந்து இவ்வாறு குரல் எழுந்தது.

பின்னர் யுத்தம் அதனைத் தனதாக்கிக் கொண்டது. 1943ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி, வொஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே சிக்சலி என்னும் இரகசியத் தொலைபேசி இயங்கத் தொடங்கியது. 50 தொன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள அவ்வியந்திரத்தின் உள்ளே இருந்தது வோகோடரே. இலண்டன் முனையை ஒக்ஸ்போட் வீதியிலுள்ள செல்ஃபிரிஜஸ் பேரங்காடியின் நிலவறையில் மறைத்து வைத்தனர். மேலே சீமாட்டிகள் துணி வாங்க, கீழே யுத்த இரகசியங்கள் பரிமாறப்பட்டன! 1976 வரை உலகம் இதனை அறியவில்லை.

இசைக்கு அது வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகவே கூறலாம். வெண்டி கார்லோஸ், ரொபேட் மூக் ஆகியோர் 1970இல் ஆக்கிய வோகோடர், 1971இல் வெளிவந்த ‘எ குளோக்வேர்க் ஒரேஞ்ச்’ திரைப்படத்திலே பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியைப் பாடிற்று. 1974இல் ஜேர்மனியின் கிராஃப்ட்வேர்க் குழுவினர் அதனைத் தமது இசைத்தட்டிற் கையாண்டனர். அடுத்த ஆண்டு ஈவென்டைட் நிறுவனம் ஹார்மொனைஸர் என்னும் கருவியை விற்பனைக்கு விட்டது. அது குரலின் சுருதியை ஏற்றியோ இறக்கியோ இரண்டாம் குரல் ஆக்கியது. ஆனால் அந்த இடைவெளி மாறாதது. பாடகர் எந்தச் சுரத்திற் பாடினாலும் துணைக்குரல் அதே தொலைவிற் பின்தொடரும். ஆகவே சில இடங்களில் அது பாட்டின் சுரவரிசையை விட்டு வெளியே போய்விடும்.

இக்குறையைத் தீர்க்கக் கருவிக்குச் சுரக்கூட்டைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொதுமொழி வழக்கிற்கு வந்தது. அதன்பின் கீபோட் வாசிப்பவரின் இடக்கையே அவ்வேலையை ஏற்றது. பக்கவாத்தியத்தை நடத்தும் அதே மூன்று விரல்கள் துணைக்குரல்களையும் நடத்துகின்றன. யமாஹாவின் ஜெனோஸ் (2017) போன்ற உயர்தரப் பலகைகளில் இவ்வேற்பாடு உள்ளேயே அமைந்துள்ளது. அத்தகைய பலகை வைத்திருப்பவர் தனிப்பெட்டிக்குப் பணம் செலவிடுமுன் அதனை நன்கு பழகிப் பார்ப்பது நலம்.

தனிப்பெட்டி வாங்குவோர் நோக்கவேண்டியது அதன் பின்புறத்தை. மிடி உள்வாய் உண்டா? பலகையில் ஐந்து முனை வட்டத் துளை இல்லாது யூ.எஸ்.பி. மட்டும் இருப்பின், இரண்டையும் நேரே இணைக்க இயலாமற் போகலாம். இணைத்த பின்னும் ஓர் இடர் உண்டு. அரேஞ்சர் பலகை டிரம், பேஸ் முதலிய எல்லாவற்றின் சுரங்களையும் வெவ்வேறு மிடித் தடங்களில் வெளியே அனுப்பக்கூடியது. அவையனைத்தும் பெட்டிக்குள் நுழைந்தால் துணைக்குரல்கள் பேஸைத் துரத்திக்கொண்டு தடுமாறும். இடக்கைச் சுரங்களை மட்டும் ஒரு தடத்தில் அனுப்பி, பெட்டி அத்தடத்தையே கேட்கும்படி அமைத்தல் வேண்டும். பலகையின் ஓசையைக் கேட்டுத் தானே சுரக்கூட்டை ஊகிக்கும் பெட்டிகளும் உள. அவை வசதியானவை, ஆயினும் கையினால் இடும் ஆணையே உறுதியானது என்பது என் துணிபு.

சுருதித் திருத்தம் என்னும் பகுதியைப் பற்றியும் ஒரு சொல். நிலத்தடி எண்ணெயைத் தேடும் கணிதத்திற் பயின்ற அன்டி ஹில்டபிராண்ட் என்பவர் 1997இல் ஒட்டோ டியூனை வெளியிட்டார். மறு ஆண்டு ஷெர் பாடிய ‘பிலீவ்’ அதனை உலகறியச் செய்தது. அப்பாட்டை ஆக்கியோர் 1999இல் அவ்வோசை வோகோடரினால் வந்தது என்றே கூறித் தொழில் இரகசியத்தை மறைத்தனர்! குரல் எங்கே அலைந்தாலும் இத்திருத்தம் அதனைப் பன்னிரு படிகளுள் அண்மையிலுள்ள ஒன்றிற்கு இழுத்துச் செல்லும். மேனாட்டு மெல்லிசைக்கு அது பொருந்தும். தோடியின் காந்தாரமோ ஒரு படியில் நிற்பதன்று. அசைவே அதன் உயிர். திருத்தம் முழு வேகத்தில் இயங்கினால் அவ்வசைவைப் பிழையெனக் கொண்டு படிப்படியாக வெட்டிவிடும். ஆகவே நம்மவர் பெட்டியைக் கடையிற் சோதிக்கும்போது கமகம் நிறைந்த ஓரடியைப் பாடிப் பார்த்தல் வேண்டும். திருத்தத்தை அறவே நிறுத்திவைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்றும் விற்பனையாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.